ரெண்டு மெஜாரிட்டி, ஒரு சமரசம்: 1820 மிசூரி தகராறை ஓட்டு ஓட்டா பிரிச்சுப் பார்த்தா

1820 மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்க கீழ்சபையில அடுத்தடுத்து ரெண்டு ஓட்டெடுப்பு நடந்துச்சு. முதல் கேள்வி, மிசூரி புது மாநிலமா சேரணும்னா அங்க அடிமை முறைக்குத் தடை போடணும்ங்கற நிபந்தனையைத் தூக்கிடலாமா? தூக்கிடலாம்னு 90 பேர், கூடாதுன்னு 87 பேர். ரெண்டாவது கேள்வி, லூசியானான்னு பிரான்ஸ்கிட்ட வாங்கின பெரிய நிலத்துல மிசூரி போக மிச்சம் இருக்கறதுல, 36 டிகிரி 30 நிமிஷம் அட்சரேகைக்கு வடக்க அடிமை முறையே கூடாதுன்னு கோடு போட்டுடலாமா? போடலாம்னு 134, வேண்டாம்னு 42.

இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் மிசூரி சமரசம்னு ஒரே பேர்ல சொல்லிட்டுப் போறாங்க. கேக்கறவங்களுக்கு, அடிமை முறையைக் கைவிட்டுட்டு இருந்த வடக்கும் அதை விடாம வச்சிருந்த தெற்கும் எதிரெதிர உக்காந்து, நீ கொஞ்சம் விடு நானும் கொஞ்சம் விடறேன்னு பேசி முடிச்ச மாதிரி தோணும். யார் எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு பிரிச்சா கதையே வேற. முதல் ஓட்டுல தெற்கு மாநிலத்து உறுப்பினர்கள் 76 பேரும் ஒரே பக்கம், அவங்களோட வடக்குல இருந்து வெறும் 14 பேர் போய் சேர்ந்தாங்க, வடக்குல மிச்சம் இருந்த 87 பேரும் எதிர்த்துதான் போட்டாங்க. ரெண்டாவது ஓட்டுல வடக்கு 95-க்கு 5-னு ஆதரவு, தெற்கு 39-க்கு 37-னு நட்டநடுவுல பிளந்து நிக்குது. முழு டீலையும் ஒண்ணா வச்சு ஆமாவா இல்லையான்னு கேட்ட ஓட்டு கீழ்சபையில நடக்கவே இல்ல. நடந்திருந்தா தோத்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

அதனால இதை ரெண்டு தரப்பு ஒத்துப்போன விஷயமா பார்க்காம, ரெண்டு வேற வேற மெஜாரிட்டியை ஒட்டுப் போட்டு தைச்ச விஷயமா பார்த்தா பின்னாடி நடந்தது நிறைய புரியும்.

முன்கதை

1787-ல பிலடெல்பியாவுல அரசியலமைப்பு சாசனம் எழுதினப்பவே இந்தத் தலைவலி இருந்துச்சு. அடிமைங்கற வார்த்தையையே போடாம சுத்தி வளைச்சு எழுதினாங்க, ஆனா விஷயம் எல்லாம் உள்ள இருக்கு. அடிமைங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனா ஒரு மாநிலத்துக்கு கீழ்சபையில எத்தனை சீட்டுன்னு கணக்கு போடறப்போ அஞ்சு அடிமையை மூணு ஆளா எண்ணிக்கலாம், சீட்டு கூடினா, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்குக் கிடைக்கற எலெக்டர் ஓட்டும் கூடும். ஓடிப்போனவங்களைத் திருப்பிக் குடுக்கணும். 1808 வரைக்கும் வெளியில இருந்து ஆள் இறக்குறதை காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், தடுக்கக் கூடாது. அதே 1787-ல நியூயார்க்ல உக்காந்திருந்த பழைய காங்கிரஸ், ஓஹையோ ஆத்துக்கு வடக்க இருக்கற பிரதேசத்துல அடிமை முறை கிடையாதுன்னு ஒரு சட்டமும் போட்டுச்சு. ஆக எல்லை எதுன்னா ஆறுதான். ஆனா அந்த எல்லை மிசிசிப்பி வரைக்கும்தான், அதுக்கு அந்தப்பக்கம் அப்ப அமெரிக்காவே இல்ல.

1803-ல ஜனாதிபதி ஜெஃபர்சன் அந்தப்பக்கத்தை வாங்கிட்டார், அதுதான் லூசியானா. இதுக்கு நடுவுல பருத்தியில கொட்டை எடுக்கற ஜின் மெஷின் 1793-லயே வந்தாச்சு, தெற்குல பருத்தி காட்டுத்தீ மாதிரி பரவுது. 1790-ல நாட்டுல சுமார் 7 லட்சம் அடிமைங்க, 1820-ல 15 லட்சத்துக்கு மேல. வெளிய இருந்து வர்றது 1808-லயே சட்டப்படி நின்னு போச்சு, அப்புறமும் இந்த எண்ணிக்கை.

வடக்குல ஜனத்தொகை வேகமா ஏறுனதால அஞ்சுக்கு மூணு கணக்கு இருந்தும் கீழ்சபையில வடக்குக்கு 105, தெற்குக்கு 81-னு ஆயிடுச்சு. தெற்குக்கு மிச்சம் இருந்த பிடி செனட்ங்கற மேல்சபை மட்டும்தான், அங்க மாநிலத்துக்கு ரெண்டு பேர், பெருசு சிறுசு கிடையாது. 1819 டிசம்பர்ல அலபாமா சேர்ந்ததும் அடிமை முறை இருக்கற மாநிலம் 11, இல்லாதது 11. அதுக்கு முன்னாடியே மிசூரி கதவைத் தட்ட ஆரம்பிச்சிடுச்சு.

மிசூரி ஏன் இவ்வளவு சூடாச்சுன்னா, மேப்பை எடுத்துப் பார்த்தா தெரியும், அது தெற்குல இல்ல. இல்லினாய்ஸுக்கு நேர் மேற்க, ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கு. ஆனா அங்க குடியேறுனவங்க பெரும்பாலும் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியாவுல இருந்து வந்தவங்க, அடிமைங்களையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. 1820 சென்சஸ்ல மொத்தம் 66,586 பேர், அதுல 10,222 பேர் அடிமைங்க.

டால்மேட்ஜ் போட்ட குண்டு

1819 பிப்ரவரி 13. நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மேட்ஜ், கீழ்சபையில ஒரே ஒரு டெர்ம் மட்டும் இருந்த ஆளு, மிசூரி மசோதாவுல ஒரு திருத்தம் கொண்டுவந்தார். புதுசா அடிமைங்களை உள்ள கொண்டு வரக்கூடாது, மாநிலமான பிறகு பொறக்கற பிள்ளைங்க 25 வயசுல விடுதலை. அவ்வளவுதான். இதுல ஒண்ணைக் கவனிக்கணும், ஏற்கனவே அங்க இருந்த பத்தாயிரம் பேர்ல ஒருத்தரையும் இந்தத் திருத்தம் விடுவிக்கல. 1821-ல பொறந்த முதல் பிள்ளைக்கே 1846-லதான் விடுதலை வந்திருக்கும். வடக்குல பல மாநிலம் இப்படித்தான் இழுத்து இழுத்து முடிச்சாங்க, நியூயார்க்கே 1799-ல இதே மாதிரி சட்டம் போட்டு 1820 சென்சஸ்லயும் பத்தாயிரத்துக்கு மேல அடிமைங்களை வச்சிருந்த ஊர்தான். இவ்வளவு மெதுவான, இவ்வளவு சாதுவான ஒரு திருத்தத்துக்குத்தான் ஜார்ஜியா உறுப்பினர் தாமஸ் காப் எழுந்து, நீங்க மூட்டின தீயை கடல் தண்ணி முழுக்க ஊத்தினாலும் அணைக்க முடியாது, ரத்தக் கடல்தான் அணைக்கும்னு கத்தினார்.

டால்மேட்ஜ் பதிலுக்கு, உள்நாட்டுப் போர் வந்தா வரட்டும்னார். அந்தப் பேச்சுல ஒரு இடம் இருக்கு. அடிமைங்களை பெரிய நிலப்பரப்புல பரவ விட்டா அவங்க நிலைமை நல்லாகும்னு தெற்குக்காரங்க வாதம் பண்ணிட்டு இருந்தாங்கல்ல, அதுக்கு உதாரணம் இப்பதான் வாசல்ல போச்சுன்னார். விவாதம் நடந்துட்டு இருக்கறப்பவே ஒரு ஆள் வியாபாரி, வாங்கிச் சேர்த்த ஒரு பதினஞ்சு பேரை கேப்பிடல் கட்டடத்து வாசல் வழியா மேற்க ஓட்டிட்டுப் போயிருக்கான். ஆம்பளைங்க திருப்பி அடிச்சிடுவாங்கன்னு அவங்க கைக்கு விலங்கு மாட்டி ஒருத்தரோட ஒருத்தரை சங்கிலியில கோத்திருக்கு, பின்னாடி பொம்பளைங்களும் பிள்ளைங்களும், அவங்களுக்குப் பின்னாடி சாட்டை. சட்டசபை வாசல்லயே இது நடக்குது, உள்ள உக்காந்து நிலைமை நல்லாகும்னு பேசிட்டு இருக்காங்க.

இன்னொரு சின்ன சம்பவமும் அந்த விவாதத்துலயே வருது. நியூ ஹாம்ப்ஷயர் உறுப்பினர் ஆர்தர் லிவர்மோர் அடிமை முறையைக் கடுமையா திட்டிப் பேசினதுக்கு, வர்ஜீனியாவோட எட்வர்ட் கோல்ஸ்டன், இவர் சபைக்குப் பேசல, வேடிக்கை பார்க்கறவங்க உக்கார்ற கேலரிக்குப் பேசறார், அடிமைங்களைத் தூண்டி விடப் பார்க்கறார்னு குற்றம் சாட்டினார். போன வருஷம் ஆண்ட்ரூ ஜாக்சன் ஃப்ளோரிடாவுல ரெண்டு பிரிட்டிஷ்காரங்களைக் கொன்னாரே, அவங்க கதிதான் இவருக்கும் சரின்னு வேற சொன்னார். சக உறுப்பினரைப் பத்தி, சபைக்குள்ள.

ஓட்டு வந்தப்போ கீழ்சபையில முதல் பகுதி 87-க்கு 76, ரெண்டாவது பகுதி 82-க்கு 78-னு ஜெயிச்சுச்சு. செனட்ல முதல் பகுதி 22-க்கு 16, ரெண்டாவது 31-க்கு 7-னு அடிச்சுத் தூக்கிட்டாங்க. ரெண்டு சபையும் விட்டுக் குடுக்கல, அந்த காங்கிரஸ் அப்படியே முடிஞ்சு போச்சு, மிசூரி வெளியவே நின்னுச்சு.

ரெண்டு பக்கமும் என்ன சொன்னாங்க

சட்ட வாதம் நீளமானது, சுருக்கமா சொல்றேன். வடக்கு சொன்னது, புது மாநிலத்தை காங்கிரஸ் சேர்க்கலாம்னுதான் சாசனம் சொல்லுது, சேர்த்தே ஆகணும்னு சொல்லல, அப்ப நிபந்தனையும் போடலாம், ஓஹையோவுக்கு வடக்க போட்டோமே. இதை செனட்ல முன்ன நின்னு பேசினவர் நியூயார்க் செனட்டர் ரூஃபஸ் கிங், 1787 சாசனத்துல கையெழுத்துப் போட்ட ஆளு, அதனால அவர் வார்த்தைக்கு ஒரு எடை. தெற்குல இருந்து மேரிலாண்டோட வில்லியம் பிங்க்னி சொன்னது, மாநிலங்கள் எல்லாம் சமம், பழைய மாநிலத்துக்கு இல்லாத விலங்கை புது மாநிலத்துக்கு மாட்டினா அது சமமே இல்ல. நேர்மையா சொன்னா ரெண்டுலயும் பாயிண்ட் இருக்கு, சாசனம் இதுக்கு பதில் சொல்லாமத்தான் எழுதப்பட்டிருக்கு.

எனக்கு எரிச்சல் வர்றது இன்னொரு வாதத்துல. பரவல் வாதம். அடிமைங்க ஒரே இடத்துல நெருக்கமா இருந்தா வெள்ளைக்காரங்களுக்கு பயம், பயம் இருக்கறதால கொடுமை, பரவ விட்டா பயம் குறையும், மெதுவா விடுதலையும் தானா வரும்னு. பின்னாடி ஜனாதிபதியான ஜான் டைலர் இதை சபையில பேசினார், ஜெஃபர்சனும் கடுதாசியில எழுதினார். கேக்க மனிதாபிமானமா இருக்கும். ஆனா வர்ஜீனியாவுல புகையிலை போட்டுப் போட்டு மண்ணு செத்துப் போச்சு, வெளிநாட்டு சப்ளை 1808-லயே கட், புது மாநிலத்துல அடிமை முறை வந்தா வர்ஜீனியாக்காரன் கையில இருக்கற ஆளுக்கு ரேட் ஏறும். டால்மேட்ஜ் வாசல்ல பார்த்த அந்த பதினஞ்சு பேர் எந்த மார்க்கெட்டுக்குப் போயிட்டு இருந்தாங்கன்னு யோசிச்சா இந்த வாதத்தோட மறுபக்கம் தெரிஞ்சிடும். தெற்குல எல்லாரும் இப்படி நெளிஞ்சு நெளிஞ்சு பேசலங்கறதையும் சொல்லணும், தென் கரோலினா செனட்டர் வில்லியம் ஸ்மித் மாதிரி சிலர் அப்பவே பைபிளைக் காட்டி இதுல தப்பே இல்லன்னு நேரடியா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

மெய்ன் எங்க இருந்து வந்துச்சு

மெய்ன் அதுவரைக்கும் மாசசூசெட்ஸோட ஒரு பகுதி. 1819 ஜூலையில அந்த மக்கள் ஓட்டுப் போட்டு தனியா போறோம்னுட்டாங்க, மாசசூசெட்ஸும் சரின்னுச்சு, ஆனா ஒரு கெடு வச்சுச்சு, 1820 மார்ச் 4-க்குள்ள காங்கிரஸ் ஒத்துக்கணும், இல்லன்னா பிரிவினை செல்லாது. இந்தக் கெடுதான் கயிறு. செனட் இதைப் பார்த்துச்சு, மெய்ன் மசோதாவையும் மிசூரி மசோதாவையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுடுச்சு, 23-க்கு 21. உனக்கு மெய்ன் வேணுமா, மிசூரியையும் எடுத்துக்கோ. மெய்ன்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க, எங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு. அடுத்த நாள் இல்லினாய்ஸ் செனட்டர் ஜெஸ்ஸி தாமஸ் அந்த 36 டிகிரி 30 நிமிஷ கோட்டைக் கொண்டுவந்தார், 34-க்கு 10-னு பாஸ் ஆச்சு. இந்தக் கோட்டை கீழ்சபை ஸ்பீக்கர் ஹென்றி கிளே போட்டதா நிறைய பேர் நினைக்கறாங்க, கிடையாது, தாமஸ்தான். கிளேயோட வேலை வேற, அது அடுத்தது.

கீழ்சபை இந்த மூட்டையை மொத்தமா வாங்க மறுத்துச்சு. ரெண்டு சபைக்கும் ஒரு கூட்டு கமிட்டி போட்டாங்க, அது மூட்டையை அவுத்து, மெய்ன் தனியா, மிசூரி நிபந்தனை தனியா, கோடு தனியான்னு வைக்கலாம்னுச்சு. தனித்தனியா வச்சாதான் ஒவ்வொண்ணுக்கும் ஆள் சேரும். அப்படித்தான் மார்ச் 2 ஓட்டு நடந்துச்சு. மெய்ன் பகுதியில இருந்து வந்த ஏழு உறுப்பினர்ல அஞ்சு பேர், தன்னோட மாநிலமே கைநழுவிப் போகும்னு தெரிஞ்சும் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க. ஜான் ஹோம்ஸும் மார்க் லாங்டன் ஹில்லும் மட்டும்தான் சமரசத்துக்குப் போனது. ஹோம்ஸ் சில மாசத்துல மெய்னோட செனட்டர் ஆயிட்டார். அந்த அஞ்சு பேரைப் பத்தி யாரும் பெருசா எழுதறது இல்லங்கறது எனக்கு ஒரு வருத்தம்.

மறுநாள் காலையில நடந்தது இன்னும் சுவாரசியம். வர்ஜீனியாவோட ஜான் ராண்டால்ஃப், தெற்குக்காரர்தான், ஆனா அந்தக் கோட்டை அடியோட வெறுத்தவர், காங்கிரஸுக்கு எங்க நிலத்துல கோடு போட அதிகாரம் எங்க இருந்து வந்துச்சுங்கற கட்சி. அவர் எழுந்து, நேத்து ஓட்டை மறுபரிசீலனை பண்ணணும்னார். அப்ப ஸ்பீக்கரா இருந்தது கிளே. வழக்கமான வேலை எல்லாம் முடியட்டும், அப்புறம் கேளுங்கன்னு உக்கார வச்சுட்டார். மனுக்கள் ஒவ்வொண்ணா வாசிக்கறாங்க, இந்தப்பக்கம் கிளே மசோதாவுல கையெழுத்தைப் போட்டு சத்தம் இல்லாம செனட்டுக்கு அனுப்பிட்டார். ராண்டால்ஃப் மறுபடி எழுந்தா, மன்னிக்கணும், மசோதா இப்ப நம்ம சபை கையிலயே இல்லன்னு பதில். ஸ்பீக்கர் பண்ணது சரியான்னு கேட்ட ஓட்டுல 71-க்கு 61-னு கிளே தப்பிச்சார். மூணு ஓட்டு வித்தியாசத்துல பொழைச்ச ஒரு டீலை இன்னொரு தடவை ஓட்டுக்கு விட்டா என்ன ஆகும்னு கிளேக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் அந்த அவசரம்.

கேபினட்ல ஒரு வார்த்தை ஜாலம்

ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோ, அவரும் வர்ஜீனியாக்காரர், அடிமைங்க வச்சிருந்தவர், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேபினட்கிட்ட ரெண்டு கேள்விக்கு எழுத்துல பதில் கேட்டார். இன்னும் மாநிலம் ஆகாத ஒரு பிரதேசத்துல அடிமை முறையைத் தடை பண்ண காங்கிரஸுக்கு அதிகாரம் இருக்கா? மசோதாவுல என்றென்றும்னு இருக்கே, அது பிரதேசமா இருக்கற வரைக்குமா, மாநிலம் ஆன பிறகுமா?

முதல் கேள்விக்கு எல்லாரும் ஆமான்னுட்டாங்க, தென் கரோலினாவோட ஜான் கல்ஹூன் உட்பட. ரெண்டாவதுல வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸ் மட்டும் என்றென்றும்னா என்றென்றும்தான்னார், மத்தவங்க பிரதேசம் வரைக்கும்தான்னாங்க. இதை எழுத்துல போட்டா கேபினட்டே ரெண்டா இருக்கறது வெளிய தெரியும். கல்ஹூன் ஒரு வழி சொன்னார், கேள்வியையே மாத்திடலாம், இந்தப் பிரிவு சாசனத்துக்கு உட்பட்டதான்னு மட்டும் கேளுங்க, எல்லாரும் ஆமான்னுடறோம், ஏன்னு காரணம் அவங்கவங்க மனசுல இருக்கட்டும். மன்றோ ஒத்துக்கிட்டார், மார்ச் 6 கையெழுத்து. 1848-ல இந்த அதிகார விவகாரம் செனட்ல மறுபடி வந்தப்போ கல்ஹூன் அப்படி எழுதிக் குடுத்ததா எனக்கு ஞாபகமே இல்லன்னார், தேடினா அந்தக் காகிதம் ஃபைல்ல இல்ல.

ஆடம்ஸ் டைரி எழுதறவர்ங்கறதால அவர் மனசுல என்ன ஓடுச்சுன்னு நமக்குத் தெரியும். யூனியன், அதாவது மாநிலங்கள் சேர்ந்த இந்த நாடே, உடைஞ்சிடுமோங்கற பயத்துல இந்த சமரசத்தை ஆதரிச்சேன், ஆனா மிசூரி நிபந்தனையில உறுதியா நின்னிருந்தா அது ஒருவேளை இன்னும் புத்திசாலித்தனமாவும் துணிச்சலாவும் இருந்திருக்கும்னு எழுதி வச்சிருக்கார். ஜெஃபர்சனுக்கு வேற பயம். ஹோம்ஸ் தன் தொகுதி மக்களுக்கு எழுதின விளக்கத்தை அவருக்கு அனுப்ப, ஏப்ரல் 22-ல ஜெஃபர்சன் பதில் எழுதினார். ராத்திரி அடிச்ச தீ மணி மாதிரி இது என்னை எழுப்பி நடுங்க வச்சுடுச்சு, இது தீர்ப்பு இல்ல, தள்ளி வச்ச தண்டனைதான்னு. ஓநாயோட காதைப் புடிச்சுட்டோம், புடிச்சுக்கவும் முடியல, விடவும் பயமா இருக்குன்னும் அதுலதான் வருது. அழகான கடுதாசி, பலரும் மேற்கோள் காட்டறாங்க, ஆனா அவர் பயந்தது கோட்டுக்காக, சங்கிலிக்காக இல்ல. தீ மணி அடிச்சதா அவர் சொல்றது நாட்டை ரெண்டா பிரிக்கற அந்த மிசூரி தகராறைத்தான்.

அதோட முடியல

1820 கோடையில மிசூரிக்காரங்க செயின்ட் லூயிஸ்ல ஒரு ஹோட்டல்ல உக்காந்து தங்களோட சாசனத்தை எழுதினாங்க. ஓனர் சம்மதமும் நஷ்டஈடும் இல்லாம அடிமைங்களை விடுவிக்க சட்டசபைக்கு அதிகாரம் இல்லன்னு போட்டாங்க. சரி, எதிர்பார்த்ததுதான். கூடவே, சுதந்திரமான கறுப்பினத்தவங்க எந்தக் காரணத்துக்காகவும் மாநிலத்துக்குள்ள வந்து குடியேறாதபடி சட்டம் போடணும்னும் ஒரு வரி. சில வடக்கு மாநிலத்துல கறுப்பினத்தவங்க குடிமக்கள், ஓட்டும் இருந்துச்சு. ஒரு மாநிலத்து குடிமகனுக்கு மத்த மாநிலத்துலயும் அதே உரிமைன்னு அமெரிக்க சாசனம் சொல்லுது. அப்ப இந்த வரி நேரா முட்டுது. மறுபடி முதல்ல இருந்து சண்டை.

இந்த நேரத்துல நடந்த ஒரு கூத்து. 1821 பிப்ரவரி 14, ஜனாதிபதி தேர்தல் ஓட்டு எண்ணணும். மிசூரி மூணு எலெக்டர் ஓட்டு அனுப்பி வச்சிருக்கு. மிசூரி மாநிலமா இல்லையான்னே முடிவாகல. என்ன பண்ணாங்க, மிசூரியைச் சேர்த்தா மன்றோவுக்கு 231, சேர்க்கலன்னா 228, எப்படிப் பார்த்தாலும் மன்றோதான் ஜனாதிபதின்னு அறிவிச்சுட்டு கலைஞ்சு போயிட்டாங்க. பாம்பும் சாகாம கம்பும் உடையாம.

கிளே பேர் நிஜமாவே போடவேண்டிய சமரசம் இந்த ரெண்டாவதுதான். மிசூரி சட்டசபை ஒரு பகிரங்க உறுதி குடுக்கணும், எந்த மாநிலத்து குடிமகனோட உரிமையையும் பறிக்கற மாதிரி அந்த வரியை நாங்க பயன்படுத்த மாட்டோம்னு. கீழ்சபையில 87-க்கு 81, செனட்ல 28-க்கு 14. மிசூரி அந்த உறுதியைக் குடுத்துச்சு, ஆனா கூடவே இப்படிக் கேக்க காங்கிரஸுக்கு உரிமையே இல்லன்னும் அதே தீர்மானத்துல எழுதி வச்சுச்சு. ஆகஸ்ட் 10-ல 24-ஆவது மாநிலம் ஆயாச்சு. 1825-ல குடியுரிமைச் சான்று இல்லாத சுதந்திர கறுப்பினத்தவங்களுக்குக் கட்டுப்பாடு, 1847-ல யாருமே வரக்கூடாதுன்னு முழுத்தடை. உறுதிமொழியோட மதிப்பு அவ்வளவுதான்.

இத்தனை ஓட்டு, இத்தனை பேச்சு, இதுல யாரைப் பத்தி பேசறாங்களோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதா எங்கயும் இல்ல. ஆனா அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. 1822-ல தென் கரோலினா சார்ல்ஸ்டன்ல டென்மார்க் வீசின்னு ஒருத்தர், லாட்டரியில பணம் விழுந்து தன் விடுதலையைத் தானே வாங்கிக்கிட்ட தச்சர், அடிமைங்களைத் திரட்டி கிளர்ச்சிக்குத் திட்டம் போட்டதா குற்றம் சாட்டி அவரோட சேர்த்து 35 பேரைத் தூக்குல போட்டாங்க. அந்த விசாரணை ரெக்கார்டுல மிசூரி விவாதமும் ரூஃபஸ் கிங் பேரும் வருது. கோல்ஸ்டன் கேலரியைப் பத்திப் பட்ட பயம் அவர் கணக்குல சரியாத்தான் இருந்திருக்கு.

எது நிலைச்சுது, எது போச்சு

இந்த டீலோட பெரிய ஓட்டைன்னு நான் பார்க்கறது இதுதான். தெற்குக்குக் கிடைச்சது ஒரு மாநிலம். மாநிலம் ஒரு தடவை ஆயிட்டா திருப்பி எடுக்க முடியாது, ரெண்டு செனட்டர் நிரந்தரம். வடக்குக்குக் கிடைச்சது மெய்ன் போக ஒரு கோடு, அது சாதாரண சட்டத்துல இருக்கற எட்டாவது பிரிவு, இன்னொரு காங்கிரஸ் சாதா மெஜாரிட்டியில அழிச்சுடலாம். 1854-ல அதுதான் நடந்துச்சு. கான்சஸ், நெப்ராஸ்கா மசோதாவை இல்லினாய்ஸோட ஸ்டீஃபன் டக்ளஸ் கொண்டு வந்தார், கோட்டை வெளிப்படையா ரத்து பண்ணணும்னு நெருக்கினது கென்டக்கி செனட்டர் ஆர்ச்சிபால்ட் டிக்சன், கிளே செத்து காலியான சீட்டுல வந்து உக்காந்தவர். கோடு போட்டதும் இல்லினாய்ஸ், அழிச்சதும் இல்லினாய்ஸ். கீழ்சபையில 113-க்கு 100.

கோட்டுக்கு வடக்க இருந்த ஸ்னெல்லிங் கோட்டையில ராணுவ டாக்டர் ஒருத்தரோட அடிமையா சில வருஷம் இருந்தவர் ட்ரெட் ஸ்காட். அங்க அடிமை முறை சட்டப்படி கிடையாது, அப்ப நான் சுதந்திர மனுஷன்தானேன்னு 1846-ல செயின்ட் லூயிஸ் கோர்ட்ல கேஸ் போட்டார். பதினொரு வருஷம் இழுத்து, 1857 மார்ச் 6, மன்றோ கையெழுத்துப் போட்ட அதே தேதியில, சுப்ரீம் கோர்ட் 7-க்கு 2-னு தீர்ப்பு சொல்லுச்சு. தலைமை நீதிபதி ரோஜர் டானி, பிரதேசத்துல அடிமை முறையைத் தடை பண்ண காங்கிரஸுக்கு எப்பவுமே அதிகாரம் இருந்ததில்லன்னார். மன்றோ கேபினட் மொத்தமும் ஆமான்னு சொன்ன முதல் கேள்வி. மூணு வருஷம் முன்னாடியே செத்துப்போன அந்த எல்லைக்கோட்டை கோர்ட் மறுபடி ஒரு தடவை கொன்னுச்சு.

மிசூரியில 10,222-ஆ இருந்த எண்ணிக்கை 1860 சென்சஸ்ல 1,14,931. 1865 ஜனவரி 11-ல, உள்நாட்டுப் போர் முடியற நேரத்துல, மிசூரி மாநாடே கூடி அடிமை முறையை அன்னையில இருந்து ரத்து பண்ணுச்சு. 1820 சாசனத்துல எழுதி வச்ச நஷ்டஈடு எந்த ஓனருக்கும் ஒரு காசு குடுக்கல.